கீழ்வீட்டு அக்காவும் குவாட்டர்பேக்கும்

அக்காவிடம் எதையும் புகழ்ந்து பேசக் கூடாது. இது எனக்கு விளங்க ஒரு பனிக்காலம் பிடித்தது.

மொன்றியலின் செயின்ட்-மிஷேல் பகுதியில் நாங்கள் வாடகைக்கு வந்தது மாடிவீடு. கீழ்வீட்டில் அக்கா தனியாக இருந்தார். வந்த புதிதில், பெட்டிகளைக்கூடப் பிரிக்காமல், அவர் கொண்டுவந்த இடியப்பத்தைச் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். மரியாதைக்கு ஏதாவது பேச வேண்டுமே என்று, மொன்றியல் வந்தால் சாப்பிட்டே ஆகவேண்டும் என்று எல்லோரும் சொல்லும் அந்தப் பேகல் என்கிற வளையப் பாணைக் குளிரில் வரிசையில் நின்று வாங்கியதை நான் பெருமையாகச் சொன்னேன். அக்கா என்னை இரக்கத்தோடு பார்த்தார்.

"உது ஊதினது, தம்பி" என்றார்.

ஊதிப் பெருப்பித்த பெயர் என்று அர்த்தம். அக்காவின் அகராதியில் அதைவிடப் பெரிய வசவு கிடையாது. ரொறன்ரோவிலிருந்து வந்து ஹோட்டலில் தங்கிச் சாதகம் பார்க்கும் சோதிடர் ஊதினது. நகரத்தின் பாதித் தமிழ்க் கலியாணங்களைப் படம்பிடித்த வீடியோக்காரர் ஊதினது. அவருடைய ரோல்ஸ் இல்லாமல் பிறந்தநாளே இல்லை என்று சனம் கொண்டாடிய சமையல்காரர் முழுக்க முழுக்க ஊதினது. உள்ளே உருளைக்கிழங்கைத் தவிர ஒன்றுமில்லை. ஒரு பெயரை யாராவது வாயில் போட்டுச் சப்புவதைக் கண்டால் அக்காவுக்குப் பொறுக்காது. எங்கேயாவது ஒரு ஓட்டையைக் கண்டுபிடித்துக் காற்றை இறக்கிவிட்டுத்தான் மற்ற வேலை.

அவருடைய கணிப்பு எப்போதும் சரியாக இருந்தது என்று நான் எழுதினால் அது அக்காவையே ஊதுவதாகிவிடும். பல தடவை அவர் பிழையாகச் சொல்லியிருக்கிறார். பெயர்பெற்ற கராஜ் ஒன்றுக்குப் போகவிருந்த என்னைத் தடுத்து, அஹுன்ட்சிக் பக்கம் யாருக்கும் தெரியாத ஒரு பையனிடம் பனிக்கால டயர் மாற்ற அனுப்பினார். திரும்பி வரும்போது நெடுஞ்சாலையில் முன்சக்கரம் கடகடவென்று ஆடத் தொடங்கியது. நட்டுகளைச் சரியாக இறுக்கவில்லை. உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு ஓரங்கட்டினேன். வீட்டுக்கு வந்து சொன்னபோது அக்கா கொஞ்சமும் அசரவில்லை. அந்தப் பையன் பழகிவிடுவான், பெயர்பெற்றவன் இனிமேல் பழகமாட்டான் என்றார்.

நான் பயந்த சுபாவக்காரன் என்பதை இங்கே சொல்லிவிட வேண்டும். லிப்டுக்குள் ஏறினால் அது கடைசியாக எப்போது பரிசோதிக்கப்பட்டது என்று எழுதியிருக்கிறதா என்று தேடுவேன். என்னைப் போன்றவனுக்குப் பெரிய பெயர் என்பது மாடிப்படியின் கைப்பிடி மாதிரி. எல்லோரும் பிடித்த கைப்பிடி, நம்மையும் தாங்கும் என்று ஒரு நம்பிக்கை. அதனால் எனக்கும் அக்காவுக்கும் ஒத்துப்போக வழியே இல்லை. ஆனாலும் கிழமைக்கு ஒருநாள் அவர் வீட்டு சோபாவில்தான் நான் கிடந்தேன். காரணம் அந்தக் குவாட்டர்பேக்.

இது காலால் உதைக்கிற விளையாட்டு இல்லை. முட்டை வடிவப் பந்தைக் கையால் எறிந்தும் மார்போடு அணைத்துக்கொண்டு ஓடியும், தலைக்கவசம் போட்ட தடியர்கள் ஒருவர்மேல் ஒருவர் விழுகிற கனடாக்காரரின் ஃபுட்போல். குவாட்டர்பேக் என்பவன் எறிகிறவன். பந்து முதலில் அவன் கைக்குத்தான் வரும். எதிரிகள் வந்து நசுக்குவதற்குள் யாருக்கு எறிவது என்று அவன் முடிவெடுக்க வேண்டும். யாழ்ப்பாணத்தில் பிறந்த ஒரு பெண்ணுக்கு இதில் எப்படிப் பைத்தியம் பிடித்தது என்று கேட்பவர்களுக்கு அக்கா ஒரே பதில்தான் வைத்திருந்தார். கனடாவுக்கு வந்து கிடைத்த முதல் வேலை, மலைச்சரிவில் உள்ள மைதானத்தில் ஹாட் டாக் விற்பது. ஆட்டத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கும் வேலை. சனத்தின் சத்தத்தை வைத்தே பின்னால் என்ன நடக்கிறது என்று கண்டுபிடிக்கப் பழகியதாகச் சொல்வார். வேலையை விட்ட பிறகுதான் முன்பக்கமாக உட்கார்ந்து, அதுவும் தொலைக்காட்சியில், ஒரு ஆட்டத்தை முழுசாகப் பார்த்தாராம்.

எங்கள் நகரத்து அணியின் குவாட்டர்பேக் அப்போதே கிழவன். அந்த விளையாட்டில் கிழவன் என்றால் தாடியில் ஒன்றிரண்டு நரை என்று அர்த்தம். கிண்ணம் வென்று கொடுத்தவன். பஸ்களில் அவன் முகம் போனது. எனக்கு அவனைப் பிடித்திருந்தது. எத்தனை பேர் பாய்ந்து வந்தாலும் பதறாமல் நிற்பான். பதறாத மனிதர்களைக் கண்டால் எனக்கு ஒரு மயக்கம். அக்காவுக்கு அவன் பச்சை ஊதினது.

நாங்கள் சண்டை பிடிப்போம். அவன் வென்ற ஆட்டங்களை நான் சொல்வேன். வென்றது பந்தைப் பிடித்தவன்களின் கை, ஓடியவன்களின் கால், இவனுக்கு என்ன பங்கு என்று அக்கா கேட்பார். அவனுடைய அனுபவம் என்பேன். அனுபவம் என்பது களைப்புக்கு வைத்த வேறு பெயர் என்பார். அவன் எறிய முன்னமே சனம் கைதட்டுகிறது, பிறகு எறிந்தது எங்கே விழுந்தது என்று யார் பார்க்கிறார்கள் என்று தொலைக்காட்சியைப் பார்த்துக் கை நீட்டுவார். எல்லாம் சொல்லிக் கடைசியில் தன் முத்திரையைக் குத்துவார்.

"பேர் எறியாது தம்பி. கைதான் எறியும்."

என் மனைவி சுகந்தி எங்களுக்கு நடுவில் உட்கார்ந்து, அக்காவின் பூண்டையோ வெங்காயத்தையோ உரித்துக்கொண்டிருப்பாள். ஆட்டத்தைப் பார்க்கவே மாட்டாள். யார் பக்கமும் சேரமாட்டாள். ஆனால் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறாள். அது எனக்குப் பிந்தித்தான் தெரிந்தது.

அவள் ஒரு பல் வைத்தியரின் வரவேற்பு மேசையில் வேலை செய்தாள். நாள் முழுக்கத் தொலைபேசி. அந்த வருடம் கோடையில் தொலைபேசியை இடது காதிலிருந்து வலது காதுக்கு மாற்றிக்கொண்டாள். பிறகு இடது காதுக்குள் ஒரு இரைச்சல். பிறகு மெட்ரோ படிகளில் இறங்கும்போது ஒரு தள்ளாட்டம். எம்.ஆர்.ஐ. எடுத்தார்கள். காதிலிருந்து மூளைக்குப் போகும் நரம்பில் ஒரு கட்டி. புற்றுநோய் இல்லை, மெதுவாக வளர்கிறது, ஆனால் எடுக்க வேண்டும். எடுக்கும்போது அந்தக் காது போகலாம். முகத்தை அசைக்கும் நரம்பும் பக்கத்திலேயே இருக்கிறது. டாக்டர் ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்ல, நான் நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டிருந்தேன். நோயாளி நான் என்று அவர் நினைத்திருக்கலாம்.

அந்த ஆஸ்பத்திரியில் இதற்கென்றே பெயர்பெற்ற ஒரு டாக்டர் இருந்தார், வயதிலும் பெரியவர். வெளிநாடுகளிலிருந்தெல்லாம் வந்து அவரிடம் படித்துக்கொண்டு போவார்களாம். அவரிடம் போவதென்றால் அடுத்த கோடை முடியும்வரை காத்திருக்க வேண்டும். அவரிடம் படித்த இளம் டாக்டர் ஒருத்தி இருந்தாள். அவள் பனிக்காலத் தொடக்கத்திலேயே செய்யத் தயார். காத்திருக்கலாமா என்று கேட்டோம். காத்திருக்கலாம், ஆபத்தில்லை, ஆனால் கட்டி வளர்ந்தால் எடுப்பது கடினமாகும் என்றார்கள். அப்படியானால் காத்திருக்கக் கூடாதா என்று கேட்டேன். அது உங்கள் முடிவு என்றார்கள். என்னைப் போன்ற ஒருவனிடம் சொல்லக் கூடாத வார்த்தை அது.

நான் பெரியவர் பக்கம். ரொறன்ரோவிலிருந்த சுகந்தியின் அண்ணன் பெரியவர் பக்கம். லண்டனில் இருந்த என் சித்தப்பா, அந்த டாக்டரின் பெயரை அன்றுதான் முதல்முதலாகக் கேட்டவர், அவரும் பெரியவர் பக்கம். சுகந்தி காலையில் கண்ணாடி முன்னால் நின்று வாயை ஒரு பக்கமாக இழுத்துப் பார்ப்பாள், கண்ணை மூடித் திறப்பாள். எல்லாம் அசைகிறதா என்று பார்க்கிறாள் என்று எனக்குத் தெரியும். நான் கண்டும் காணாததுமாய்ப் பல் தீட்டுவேன்.

அக்காவுக்கும் எல்லாம் தெரியும். ஆனால் அதைப் பற்றி அவர் வாயே திறக்கவில்லை. ரசம் வைத்து அனுப்பினார், கோயிலில் அர்ச்சனை செய்வித்தார். எல்லாப் பெயரையும் தராசில் வைத்து நிறுக்கிறவர், இந்த இரண்டு பெயரை மட்டும் தொடவில்லை. எனக்கு அது நிம்மதியாக இருந்தது.

இலையுதிர்காலக் கடைசியில் ஒரு ஞாயிறு பின்னேரம். தோற்றால் அந்த வருடத்து ஆட்டம் முடிந்தது என்ற நிலை. எங்கள் கிழவன் பந்தை எறிந்தான். எதிரி பிடித்துக்கொண்டு ஓடினான். அடுத்த முறையும் அப்படியே. அக்கா சோபாவிலிருந்து எழும்பி நின்றுவிட்டார். கோட்டுக்கு வெளியே வாங்குப் பலகையில் ஒரு இளையவன் தலைக்கவசத்தைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்ததைக் கமெரா காட்டியது.

"இருக்கிற ஆளை இறக்குங்கோவன்" என்று அக்கா தொலைக்காட்சிக்குச் சொன்னார். "பேருக்காகக் காத்துக்கொண்டிருந்து என்ன கிடைக்கப் போகுது? அவன் பழைய ஆள். அவனுக்குக் கை களைச்சுப் போச்சு. உவனுக்கு என்ன குறை? பேர் இல்லை, அவ்வளவுதானே."

கொஞ்ச நேரத்தில் இளையவனை இறக்கினார்கள். அவன் எறிந்து வென்றும் கொடுத்தான். அக்கா கைதட்டிச் சிரித்தார். திரும்பிப் பார்த்தால் சுகந்தி இல்லை. பாதி உரித்த பூண்டு தட்டில் கிடந்தது.

மறுநாள் மத்தியானம் அவள் ஆஸ்பத்திரிக்குத் தொலைபேசி எடுத்து இளையவளிடமே செய்வதாகச் சொல்லிவிட்டாள். என்னிடம் கேட்கவில்லை. மாலையில் ரசப் பாத்திரத்தைத் திருப்பிக் கொடுக்கப் போனவள், அக்கா, நீங்கள் நேற்றுச் சொன்னபடியே செய்துவிட்டேன் என்று அவரிடமும் சொல்லிவிட்டு வந்தாள்.

அக்கா முழங்கால் வருத்தக்காரர். எங்கள் வீட்டுக்கு வெளியே வளைந்து ஏறும் இரும்புப் படியில் அவர் ஏறியதே இல்லை. ஏதாவது வேண்டுமென்றால் கீழே நின்று கூப்பிடுவார். அன்று ஏறினார். வீட்டுச் செருப்போடு, மேலங்கி இல்லாமல், அந்த வருடத்தின் முதல் பனி படியில் படர்ந்திருக்க, கைப்பிடியைப் பிடித்துப் பிடித்து ஏறி வந்து வாசலில் நின்றார். மூச்சு வாங்கியது.

"நான் பந்தைப் பற்றித்தானே பிள்ளை கதைச்சனான்" என்றார்.

சுகந்தி அவரை உள்ளே இழுத்து உட்கார வைக்கப் பார்த்தாள். அக்கா உட்காரவில்லை. ஆஸ்பத்திரியைத் திருப்பி அழைத்து மாற்றச் சொல்லிக் கெஞ்சினார். பெரியவர் பெரியவர்தான், சும்மா ஒருவருக்குப் பெயர் வருமா, எத்தனை தலையைத் திறந்திருப்பார், நீ காத்திரு, என்ன அவசரம் என்றார். அவர் வாயால் இப்படி ஒரு பேச்சை நான் கேட்டதில்லை. என் பக்கத்து வாதம் முழுவதையும் எடுத்து என்னைவிட நன்றாகப் பேசினார். எனக்குச் சந்தோஷம் வந்திருக்க வேண்டும். பயம்தான் வந்தது. அக்காவே பயந்தால் நான் எங்கே போவது?

சுகந்தி மசியவில்லை. அந்த முடிவோடு அவள் நிம்மதியாகத் தூங்கத் தொடங்கியிருந்தாள்.

பிறகு வந்த கிழமைகளில் அக்காவுக்கு ஒரே வேலைதான். அந்த இளம் டாக்டரைப் புகழ்ந்து சொல்ல ஒருவரையாவது கண்டுபிடிக்க வேண்டும் என்று அவர் அலைந்தார். ஆஸ்பத்திரியில் துப்புரவு வேலை செய்கிறவர்களைக் கேட்டார். பஸ்ஸில் சந்தித்த தாதி ஒருத்தியை விசாரித்தார். டொலார்ட்-டெஸ்-ஓர்மோவில் உள்ள முருகன் கோயிலுக்கு என் காரில் வந்து, சாமி கும்பிட்ட கையோடு, அன்னதான வரிசையில் நின்றவர்களை ஒவ்வொருவராகக் கேட்டார். பெரியவரை எல்லோருக்கும் தெரிந்திருந்தது. ஆளுக்கொரு கதை வைத்திருந்தார்கள். திரும்பி வரும் வழி முழுக்க அக்கா ஜன்னலைப் பார்த்துக்கொண்டு வந்தார்.

"அவவைப் பற்றி ஒருத்தரும் ஒண்டும் சொல்லுகினமில்லை, தம்பி" என்றார். "நல்லதும் இல்லை, கூடாததும் இல்லை. ஒண்டுமே இல்லை."

ஒன்றுமே இல்லாத ஆட்களைத்தானே அவர் காலமெல்லாம் தாங்கிப் பேசினார். எனக்கும் ஒரு பெயர், ஒரு கைப்பிடி தேவைப்பட்டது. ஆஸ்பத்திரியின் இணையப் பக்கத்தில் இருந்த அந்தப் பெண்ணின் படத்தை நான் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் விரல்கள் படத்தில் இல்லை.

சத்திரசிகிச்சை நாள் விடியவே சுகந்தியைக் கூட்டிப் போனார்கள். அக்கா மல்லித்தண்ணி ஊற்றிய ஃபிளாஸ்கோடு என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். மூடியைத் திறக்கவில்லை. சுவரிலிருந்த தொலைக்காட்சியில் யாரோ பெரிய சமையல்காரர் கேக் செய்துகொண்டிருந்தார். வேறு நாளென்றால் அக்கா அவரை விட்டுவைத்திருக்க மாட்டார். நான் சுகந்தியின் பையை மடியில் வைத்துக்கொண்டிருந்தேன். கதவு திறக்கும் ஒவ்வொரு தடவையும் இருவரும் எழும்பினோம், இருவரும் உட்கார்ந்தோம்.

பின்னேரம் அந்த டாக்டர் வந்தாள். குள்ளமானவள், கன்னத்தில் முகக்கவசம் அழுத்திய கோடு. கட்டி முழுவதும் எடுத்தாயிற்று, முக நரம்புக்கு ஒன்றுமில்லை, ஆனால் காதைக் காப்பாற்ற முடியவில்லை, எவ்வளவோ முயன்றேன் என்று பிரெஞ்சில் மெதுவாகச் சொன்னாள். கட்டி எடுத்தாயிற்று என்ற இடத்திலேயே மற்றதைக் கேட்பதை நிறுத்திவிட்டேன். சுகந்தி இருக்கிறாள். எனக்கு அது போதும். நான் அழுதுகொண்டே நன்றி சொன்னேன்.

அக்கா முன்னால் வந்தார். ஹாட் டாக் விற்ற தன் பிரெஞ்சில், பெரியவர் செய்திருந்தால் காது தப்பியிருக்குமா என்று நேருக்கு நேர் கேட்டார். எனக்கு உடம்பு கூசியது. அந்தப் பெண் கோபப்படவில்லை. தெரியாது என்றாள். அவர் கையிலும் போயிருக்கலாம், போகாமலும் இருந்திருக்கலாம், அதை யாராலும் உங்களுக்குச் சொல்ல முடியாது என்றாள்.

பழைய அக்காவுக்கு அந்தப் பதில் எவ்வளவு பிடித்திருக்கும்! பெயருக்குப் பேசாத ஒருத்தி. ஆனால் அவர் திரும்பிப் போய்த் திறக்காத ஃபிளாஸ்கை எடுத்துக்கொண்டார். ஆட்டமென்றால் அடுத்த கிழமை இன்னொரு ஆட்டம் வரும், பழையவனையும் புதியவனையும் வைத்துப் பார்க்கலாம். இங்கே ஒரு காதுதான் இருந்தது, ஒரு தடவைதான் திறந்தார்கள்.

சுகந்தி தேறி வந்தாள். கொஞ்ச நாள் சுவரைப் பிடித்து நடந்தாள், பிறகு பிடிக்காமல் நடந்தாள். தொலைபேசி வலது காதில் நிரந்தரமாயிற்று. வாயை இழுத்துப் பார்ப்பதை விட்டாள். அவளுக்கு அது முடிந்துபோன காரியம். அக்காவுக்குத்தான் முடியவில்லை. சுகந்தி வந்தால் அவளுடைய வலது பக்கத்துக்கு நாற்காலியை மாற்றிப் போடுவார். அவள் இடப்பக்கமாக யாராவது பேசினால் பதறிக் கையைக் காட்டுவார். புதிதாகக் குடிவந்த வாடகையாள் மாதிரி, சொந்த வீட்டில் சத்தமில்லாமல் நடந்தார்.

யாரைப் பற்றியும் அவர் ஒன்றும் சொல்லவில்லை. ரோல்ஸ்காரர் நல்லவர் என்று நான் வேண்டுமென்றே சொல்லிப் பார்த்தேன், ஓம் என்றார். சோதிடர் வருகிறாராம் என்றேன், வரட்டும் என்றார். கோடை வந்து ஆட்டங்கள் தொடங்கின. அந்தக் கிழவன்தான் மறுபடி எறிந்தான். அணி அவனை விடவில்லை. அக்கா தொலைக்காட்சியைப் போட்டுவிட்டு, தைக்க ஒன்றுமில்லாத துணியை மடியில் வைத்துக்கொண்டு குனிந்திருந்தார். நான் மட்டும் வாதாடினேன், எதிராளி இல்லாமல். அது ஒரு விளையாட்டா?

ஒருநாள் சுகந்தி என்னை மேலேயே இருக்கச் சொல்லிவிட்டு ஆட்ட நேரத்தில் தனியாகக் கீழே போனாள். அங்கே நடந்ததை அவள்தான் எனக்குச் சொன்னாள். அக்கா வழக்கம்போல வலது பக்கம் நாற்காலியைப் போட்டாராம். இவள் உட்கார்ந்து, அக்கா, அன்றைக்கு நீங்கள் சொல்லாவிட்டால் நான் இன்றைக்கும் காத்துக்கொண்டு, கண்ணாடியைப் பார்த்துக்கொண்டு இருந்திருப்பேன், அந்தக் காத்திருப்பு என்னைத் தின்றுவிட்டிருக்கும், காது போனது போகட்டும், நான் உங்களை நொந்துகொள்ளவில்லை என்றாளாம். அக்கா தலையாட்டினாராம். அப்போது திரையில் கிழவன் பந்தை எறிந்தான். பந்து நேராக எதிரியின் கையில் போய் விழுந்தது. மைதானமே அவனைப் பார்த்துக் கூச்சலிட்டது.

"இப்ப சொல்லுங்கோ அக்கா" என்று சுகந்தி கேட்டாளாம். "இவன் ஊதினவனோ, இல்லையோ?"

அக்கா திரையைப் பார்த்தார். பிறகு சுகந்தியின் இடது காதைப் பார்த்தார்.

"நல்லாத்தான் எறியிறான், பிள்ளை" என்றார்.

சுகந்தி மேலே வந்து சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்தாள். காது போனதென்று ஆஸ்பத்திரியில் சொன்னபோது ஒரு சொட்டுக் கண்ணீர் விடாதவள், அன்று அழுது அழுது ஓயவில்லை.